கழுவிய பாட்டிலில் ஒரு புள்ளி

என் அக்கா தண்ணீர் குடிப்பதற்கு முன் கண்ணாடி டம்ளரை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள். "கட்டிக்கிறதுக்கு முன்னாடி என்னையும் இப்படித் தூக்கிப் பார்த்திருந்தா தப்பிச்சிருப்பே" என்று மாமா கிண்டல் செய்வார். அவள் சிரிக்கமாட்டாள். சிரிக்கத் தெம்பு வேண்டுமே.

சோடா, கலர் நிரப்பும் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக நாங்கள் இருவரும் பாட்டில் பார்க்கிறோம். கடைகளிலிருந்து திரும்பி வரும் காலி பாட்டில்கள், கழுவும் மெஷினை விட்டு வெளியே வந்து, பின்னால் விளக்கு எரியும் வெள்ளைப் பலகைக்கு முன்னால் வரிசையாக நகரும். வாயில் சில்லு பெயர்ந்தது, உள்ளே ஸ்ட்ரா ஒட்டியது, எவனோ சிகரெட் துண்டைப் போட்டது, எல்லாவற்றையும் பிடித்துக் கழிக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருபது நிமிடம் அவள், இருபது நிமிடம் நான். குடிக்கிற மகராசர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

போன மாதம் அக்கா நல்ல பாட்டில்களையும் எடுத்துப் போட ஆரம்பித்தாள். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

"இதுல என்னக்கா இருக்கு?"

"அடியில கறுப்பா ஒரு புள்ளி. உனக்குத் தெரியலையா?"

அடுத்த பாட்டிலிலும் அவளுக்குப் புள்ளி தெரிந்தது. அதற்கடுத்ததிலும். சாப்பாட்டு நேரத்தில் எதிரே இருந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தாள். அங்கேயும் இருந்தது. கையில் எடுத்த கவளத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கண்ணுலதான்டி இருக்கு. யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே."

சொன்னால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். கண் சரியில்லை என்றால் அந்த நாற்காலி கிடையாது, பெட்டி தூக்க அனுப்பிவிடுவார்கள். ஒரு பெட்டிக்கு நிறைந்த பாட்டில் இருபத்து நாலு. அக்காவின் இடுப்பு ஒரு வாளித் தண்ணீருக்கே அழும். டாக்டரிடம் போகலாம் என்றேன். அவர் எழுதிக் கொடுப்பது கம்பெனிக்குப் போய்விடும் என்று பயந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது?

"நல்ல பாட்டிலையெல்லாம் ஏம்மா இப்படிக் கழிக்கறீங்க?" என்று சூப்பர்வைசர் கடிந்துகொண்ட பிறகு, அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். அடியில், இடது ஓரத்தில் தெரியும் புள்ளியைக் கண்டுகொள்வதில்லை. அது அவளுடையது, மற்றதெல்லாம் பாட்டிலுடையது. மூன்று வாரம் இப்படியே ஓடியது. வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். அவளுக்கும் சேர்த்துப் பயந்து நானும் ஓய்ந்துபோனேன்.

எங்களைச் சோதிக்க, அவ்வப்போது வேண்டுமென்றே ஒரு அழுக்குப் பாட்டிலை வரிசையில் நுழைத்துவிடுவார்கள். நேற்று விட்டதில் அடியில், இடது ஓரத்தில், ஒரு தார்ப் பொட்டு. அக்காவின் இருபது நிமிடத்தில் வந்தது. அவளைத் தாண்டிப் போய்விட்டது.

சூப்பர்வைசர் அந்தப் பாட்டிலோடு வந்து நின்றார். தும்மினேன், கண்ணை மூடிவிட்டேன் என்று எதையாவது சொல்லியிருந்தால் ஒரு எச்சரிக்கையோடு போயிருக்கும். நான் பின்னாலிருந்து அவள் முதுகைக் கிள்ளினேன்.

"கண் அசந்துட்டீங்களா?" பதிலை அவரே எடுத்துக் கொடுத்தார்.

"இல்ல சார். பார்த்தேன்."

"பார்த்துமா விட்டீங்க?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பார்க்காமல் விட்டாள் என்று பத்தொன்பது வருடத்தில் யாரும் அவளைச் சொன்னதில்லை.

"என் கண்ணுல இருக்கறதுன்னு நினைச்சு விட்டுட்டேன் சார்."