கலீல் ரஹ்மான் பேரில் வந்த பதில்கள்

கலீல் ரஹ்மான் இறந்து மூன்று மாதம் ஆகியும் அவருடைய கடை நடந்துகொண்டிருந்தது. அவர் இறந்தது வெளியூர்க்காரர்கள் யாருக்கும் தெரியாது. ஈமெயில் எழுதிக் கேட்டால் பதில் வந்தது. பதிலின் அடியில் அவர் பெயர் இருந்தது. போத்தனூரில் ரயில்வே லைனை ஒட்டிய சந்தில், ஒரு ஓட்டு வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து அந்தப் பதில்களை எழுதிக்கொண்டிருந்தவள் அவருடைய மனைவி சாயிரா பானு.

அதை ஏமாற்று வேலை என்று அவள் நினைக்கவில்லை. அவர் உயிரோடு இருந்தபோதும் தட்டியது அவள்தான். பி.காம். படித்தவள், டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். அவர் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் அங்குமிங்கும் நடந்தபடி தமிழில் சொல்வார். அவள் அதை இங்கிலீஷாக்கித் தட்டுவாள். “மரியாதையா எழுது சாயிரா, நம்ம பேச்சுல இருக்கற ‘ங்க’ அதுல வருதா பாரு” என்பார். இங்கிலீஷில் அதற்கு எங்கே போவது என்று அவள் சிரிப்பாள்.

அந்தக் கடை வந்த கதை இது. பெரிய கடை வீதியில் கலீல் ரஹ்மானுக்கு இருபது வருஷத்துக்கு மேலாக வாட்ச் கடை இருந்தது. சுவிட்சர்லாந்துக் கம்பெனி, நம் நாட்டுப் பெரிய கம்பெனி, ஜெர்மன் பேனாக் கம்பெனி என்று மூன்றுக்கு அவர் டீலர். மலிவுச் சரக்கு எதுவும் உள்ளே வராது. கொங்குப் பக்கத்தில் கல்யாணம் நிச்சயமானால் மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுக்கப் பெண்வீட்டார் மாப்பிள்ளையோடு வந்து இறங்குவார்கள். பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பும் வழக்கம் அவரிடம் கிடையாது. மணிக்கட்டைத் தன் இடது கையில் ஏந்தி, செயினில் கண்ணி கழற்றி அளவு பார்த்து, பிஸ்மில்லா சொல்லித் தானே கட்டிவிடுவார். செயினுக்கும் கைக்கும் நடுவில் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்த பிறகுதான் பில் போடுவார். பல்லடம், கோபி, தாராபுரம் வரைக்கும் அவர் கட்டிவிட்ட கைகள் இருந்தன.

தொண்ணூற்றேழு கடைசியில் ஊரில் நடந்த கலவரத்தில் கடை எரிந்தது. யார் செய்தது என்று அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை. தெரிந்துகொண்டால் அப்புறம் அந்தத் தெருவில் நடக்க முடியாது என்று ஒரே ஒரு தடவை சொன்னார். இரண்டு மாதத்துக்கெல்லாம் குண்டு வெடித்தது. கடையைப் பூசி வெள்ளையடித்து மறுபடி திறந்தும் பழைய வாடிக்கை திரும்பவில்லை. எதிரே வந்தவர்கள்கூடப் பார்வையை ரோட்டின் மறுபக்கம் வைத்துக்கொண்டு போனார்கள். வாடகை கட்ட முடியாமல் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று அவர் சாப்பிடவில்லை.

ஆர்.எஸ்.புரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஒருவர்தான் இண்டர்நெட்டைக் காட்டினார். அமெரிக்காவில் புத்தகம்கூட அதில் விற்கிறார்கள் என்றார். கலீல் ரஹ்மான் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னார்:

“நம்ம தெருவுக்கு வாரதுக்குத்தானே சனம் யோசிக்குது, சாயிரா. தெருவே இல்லாத ஒரு கடை போட்டா என்ன?”

போட்டார்கள். பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, போன் லைனில் மோடம் மாட்டினார்கள். அது கீச்சிட்டுக் கத்திக் கத்தி இணைப்புப் பிடிப்பதைப் பார்த்து அவருடைய அம்மா உம்மல் குல்சும், அதற்கு வயிற்று வலியா என்று கேட்டார். ஸ்டுடியோக்காரர் வாட்ச்சுகளைப் படம் எடுத்து ஸ்கேன் செய்து கொடுத்தார். கம்பெனிகளின் ஆள் வெங்கடபதி, கடை இல்லாதவருக்கு டீலர்ஷிப் தொடர மேலிடத்தில் மன்றாடி, வீட்டு முன்னறையையே ஷோரூம் என்று எழுதி வாங்கிக் கொடுத்தார். எல்லாம் கலீல் ரஹ்மான் பேருக்காக.

கடையை எப்படி நடத்துவது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். தள்ளுபடி போடக் கூடாது. போட்டால் அசல்தானா என்ற சந்தேகம் வந்துவிடும். கையில் இருக்கும் சரக்கைத்தான் படம் போட வேண்டும். முத்திரை குத்திய கேரண்டி கார்டு இல்லாமல் ஒன்றும் வெளியே போகக் கூடாது. கேட்பவருக்குப் பொருந்தாத வாட்ச் என்றால் பொருந்தாது என்று எழுதிவிட வேண்டும். கொங்கு ஜில்லாக்களுக்குள் போகிற வாட்ச்சை அவரே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கட்டிவிடுவார். முதல் ஆர்டர் வர மழைக்காலம் ஆனது. அதன்பிறகு அமெரிக்காவிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் இங்கே இருக்கும் அப்பா, மாமனார், மச்சினனுக்கென்று ஒருவர் சொல்லி ஒருவராக வந்தார்கள். கூட்டம் இல்லை. ஆனால் வந்தவர்கள் திரும்ப வந்தார்கள். குடும்பம் நிமிர்ந்து உட்கார அது போதுமாக இருந்தது.

தொண்ணூற்றொன்பது ஜூனில் சென்னிமலைக்கு ஒரு வாட்ச் கொண்டுபோய்க் கட்டிவிட்டுத் திரும்புகையில் பஸ்ஸிலேயே அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரி சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று அந்தியிலேயே அடக்கம்.

சாயிரா பானு இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், வெளி ஆண்கள் முன் வராமல் இருக்க வேண்டிய காலம் அது. பெண்கள் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். வீடு காலியான ஒரு காலையில், தொழுகை முடித்து எழுந்தவள், என்ன செய்வதென்று தெரியாமல் கம்ப்யூட்டரைப் போட்டாள். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் கேட்டிருந்தார்: தோல் வார் வைத்த வாட்ச்சை அங்கே இருக்கும் வேர்வைக்குக் கட்டலாமா என்று. கலீல் ரஹ்மான் இருந்தால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். வேண்டாமுங்க, ஆறு மாசத்துல வார் நாறிப்போகும், செயின் வெச்சது எடுங்க. அதைத் தட்டினாள். கை பழக்கத்தில் அடியில் அவர் பெயரையும் தட்டியது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அனுப்பினாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பதில் எழுதுகிற அந்த ஒரு மணி நேரம் அவர் குரல் அவள் காதுக்குள் ஓடியது. மற்ற நேரம் ஓடவில்லை. அதனால் சின்னக் கேள்விக்குக்கூட நீளமாக எழுதினாள். கூரியர்காரர் வந்தால் மாமியார் வாசலில் பார்சலைக் கொடுப்பார். கொழுந்தன் அக்பர் அலி உக்கடத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவர், பேங்க் வேலையைப் பார்த்தார். விஷயம் தெரிந்தால் கம்பெனி டீலர்ஷிப்பைப் பிடுங்கிக்கொள்ளும், வருஷக் கடைசி வரை பொறுப்போம் என்று அவர்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். அது பாதி உண்மை. சொல்லிவிட்டால் அவர் குரல் நின்றுபோகும் என்ற பயம் மீதிப் பாதி. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் வெங்கடபதி ஈரோட்டிலிருந்து போன் செய்தார். எடுத்தது உம்மல் குல்சும். சாயிரா பானு கையைக் காட்டிக் கெஞ்ச, அந்த அம்மாள் ரிசீவரில், “அவன் வெளிய போயிருக்கானுங்க” என்று சொல்லி வைத்தார். வைத்தவர் அன்று முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இரவு படுக்கும்போது மருமகளைக் கூப்பிட்டு, “இன்னொருக்கா என்னைய அப்படிச் சொல்லச் சொல்லாதே கண்ணு” என்றார். கோபம் இல்லாத குரல். சாயிரா பானு அதற்குப் பிறகு போனைத் தன் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் மதன்குமார் என்ற பையன் நியூஜெர்சியிலிருந்து எழுதினான். பல்லடத்துக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் பாலுசாமியின் மகன். ஆவணியில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், தன்னால் வர முடியவில்லை, இருப்பதிலேயே நல்ல சுவிஸ் வாட்ச் ஒன்று வேண்டும் என்றான். ஒரே ஒரு நிபந்தனை. கலீல் பாய் நேரில் வந்து அப்பா கையில் கட்டிவிட வேண்டும். முதல் கோழி ஷெட் போட்ட வருஷம் அவர் கட்டிவிட்டதை அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சாயிரா பானு யோசிக்கவே இல்லை. இப்படிக் கேட்டால் அவர் சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான். நான் வராமயாங்க, நானே வந்து கட்டிவிடறேனுங்க. அவள் விரல்கள் அதைத் தட்டி, பெயர் போட்டு, அனுப்பியும் விட்டன. மோடம் ஓய்ந்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது.

மறுபடி எழுதி மாற்றலாம் என்று தினமும் உட்கார்ந்தாள். உடம்பு சரியில்லை என்று எழுதலாமா, வெளியூர் என்று எழுதலாமா என்று பார்த்தாள். எதையும் அவர் குரலில் சொல்ல முடியவில்லை. விசேஷம் அந்த வெள்ளிக்கிழமை என்று ஆனபோது அக்பர் அலியைக் கூப்பிட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். நீங்கள் போய்க் கட்டிவிட்டு வந்துவிடுங்கள் என்றாள்.

அவர், “நான் போயி நிக்கறேன் மதினி. அண்ணன் எங்கன்னு கேப்பாங்க. வெளிய போயிருக்கான்னு நானும் சொல்லோணுமா?” என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. அவர் விடவில்லை. “தெருவே இல்லாத கடைன்னு அண்ணன் சொல்லுவான். இப்ப கடைக்காரனே இல்லாத கடை ஆக்கிப்போட்டீங்க.”

அவர் போன பிறகு அவளே பாலுசாமி வீட்டுக்குப் போன் போட்டாள். தன் பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் குரல் மலர்ந்தது.

“சொல்லுங்கம்மணி. பாய் எப்பப் பொறப்படறாருங்க? வியாழக்கெழமையே வந்து தங்கச் சொல்லுங்க. விடியால பஸ்ஸுல அல்லாட வேண்டாம். அவருக்குன்னு தனியா ஒரு ரூம்பு ஒழிச்சு வெச்சிருக்கறனுங்க.”

“அவரு இல்லீங்க. ஜூன் மாசமே தவறிட்டாருங்க.”

போனில் பின்னால் யாரோ பந்தல்காரரிடம் சத்தம் போடுவது கேட்டது.

“பையனுக்குப் பதில் போட்டிருந்தாருங்களே,” என்றார் பாலுசாமி.

“அது நான் எழுதினதுங்க.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

“வாட்ச் வேணும்னு பையன் கேக்குலீங்கம்மணி. நாந்தான் அவனை எழுதச் சொன்னேன். கடை எரிஞ்சப்ப நான் வந்து எட்டிப் பாக்குலீங்க. எங்காளுக போவேண்டாம்னாங்க, நானும் நின்னுக்கிட்டேன். அப்பறம் வந்து நிக்க மூஞ்சி இல்லீங்க. பாய் கம்ப்யூட்டர்ல கடை வெச்சிருக்கறாருன்னு பையன் சொன்னான். அதுல ஒரு வாட்ச் சொல்லி, அவரு நம்மூட்டுக்கு வந்தா, கையப் புடிச்சுக்கிட்டு ரெண்டு வார்த்தை பேசிப்போடலாம்னு இருந்தேன்.”

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“எப்படியும் நான் தாமசம்தானுங்க,” என்றார். “ஆனா ஜூன் மாசமே ஒரு வார்த்தை காதுல போட்டிருந்தீங்கன்னா, ஒரு கைப்புடி மண்ணு போடவாச்சும் வந்திருப்பேன். அதையும் இல்லாமப் பண்ணிப்போட்டீங்களே அம்மணி.”

வாட்ச்சை என்ன செய்வது என்று அவள் கேட்டாள். கொடுத்து விடுங்கள், நானே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அக்பர் அலி வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அண்ணன் இறந்த விதத்தைப் பாலுசாமி ஆதியோடந்தமாகக் கேட்டுக்கொண்டார் என்றும், விசேஷ வீடு என்றும் பார்க்காமல் எல்லார் முன்னாலும் அழுதார் என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை சாயிரா பானு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். இந்தத் தடவை சொல்லித்தர யாரும் இல்லை. நாலு வரி எழுத மதியம் ஆகிவிட்டது. என் கணவர் கலீல் ரஹ்மான் ஜூன் மாதம் காலமாகிவிட்டார். அதன்பிறகு வந்த பதில்கள் என்னுடையவை, மன்னிக்க வேண்டும். உங்களுக்கு விற்ற பொருள்களுக்கு நான் பொறுப்பு. இப்படிக்கு சாயிரா பானு. அதை மதன்குமாருக்கும், வெங்கடபதிக்கும், கடையில் ஒரு தடவையாவது வாங்கிய எல்லாருக்கும் அனுப்பினாள். கடையின் முதல் பக்கத்திலும் அதையே போட்டாள்.

அதற்கான விலையைக் கடை கொடுத்தது. சுவிஸ் கம்பெனி அந்த மாதமே டீலர்ஷிப்பை நிறுத்தியது. வெங்கடபதி போனில், தன்னிடமாவது மறைக்காமல் இருந்திருக்கலாம் என்று வருத்தப்பட்டார். மற்ற இரண்டையும் இத்தா முடிந்ததும் அவள் பேருக்கு மாற்ற முயல்வதாகச் சொன்னார், உறுதி சொல்லவில்லை. கொடுத்திருந்த ஆர்டர்களைச் சிலர் ரத்து செய்தார்கள். மதன்குமாரிடமிருந்து பதிலே இல்லை.

ஆனால் மற்றவர்களின் ஈமெயில்கள் வரத் தொடங்கின. சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு அவள் அவற்றைத் திறப்பாள். இப்போது மாமியாரும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவள் ஒவ்வொன்றாகத் தமிழாக்கிச் சொன்னாள். மஸ்கட்டில் ஒரு நர்ஸ் எழுதியிருந்தாள், அண்ணன் கல்யாணத்துக்கு அவர் திருப்பூர் வந்து வாட்ச் கட்டிவிட்டு, பந்தியில் உட்காராமல் மோர் மட்டும் குடித்துவிட்டுப் போனார் என்று. சிங்கப்பூர்க்காரர், வாங்க வேண்டாம் என்று சொன்ன ஒரே கடை உங்களுடையதுதான், அதை எழுதியது யாராக இருந்தாலும் சரி என்று எழுதியிருந்தார். கலிபோர்னியாவில் இருந்து ஒருவர், முதல் இண்டர்வியூவுக்குக் கட்டிக்கொண்டு போகக் கடை வாட்ச்சையே இரவல் கொடுத்தார், அம்மா அப்பாவிடம்கூட அதை நான் சொன்னதில்லை என்று எழுதியிருந்தார்.

“இவனுக எல்லாம் யாரு?” என்று கேட்டார் உம்மல் குல்சும்.

“அவரு கையில வாட்ச் வாங்கினவங்க மாமி.”

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகன் போனதிலிருந்து அவனைப் பற்றி வெளி ஆள் யாரும் அவரிடம் பேசியிருக்கவில்லை.

“இன்னும் இருக்குதா?”

“இருக்குங்க.”

“படி.”