கடைசி சீட்டு ரேஸ்

செய்யூரிலிருந்து மறைமலைநகர் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில், கடைசி சீட்டில் ஒரு அண்ணாத்த வருவார். நரைத்த மீசை, நீல யூனிபார்ம். உடைந்துபோன தன் பழைய கேம் மெஷினின் ஃபர்ம்வேரை, அதாவது உள்ளே ஓடும் மென்பொருளை எடுத்து, போனை அந்த மெஷினாகவே மாற்றும் எமுலேட்டர் ஆப்புக்குள் போட்டு வைத்து, அதிலேயே கார் ரேஸ் ஆடுவார். ரேஸில் வளைவு வந்தால் அவர் உடம்பும் சாயும். பக்கத்து சீட்டில் என் தோள் தினமும் இடிபடும்.

ஒருநாள் அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணயர்ந்தார். உதவி செய்வதாக நினைத்து எமுலேட்டரை அப்டேட் செய்தேன். புது வெர்ஷனில் அவருடைய பழைய சேவ் ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஆறு மாதமாக ஜெயித்த ரேஸெல்லாம் காலி. அவர் விழித்ததும் சொன்னேன்.

"எல்லாம் பூட்ச்சா?"

"ஆமாண்ணா."

போனை வாங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"மொத ரேஸு ஜெயிக்கிறப்போ இன்னா குஷியா இருந்துச்சு தெரியுமாபா? அது இன்னொரு தபா கிடைக்கப் போவுது. நீயும் சாயி."

சாய்ந்தேன். இடது, வலது, மறுபடி இடது. முன்சீட்டு ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். படாளம் தாண்டி ரோடு நேராகத்தான் போனது. டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார்.

கொஞ்ச நாளில் அண்ணாத்த ஷிஃப்ட் மாறிப் போய்விட்டார். அன்று அவருக்கு ஏன் கோபம் வரவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன். யோசிக்கும்போதே லேசாக இடது பக்கம் சாய்ந்துவிடுகிறேன்.