கூட்டினால் ஒன்பது

புதுவயல் அரிசி மில்லில் இருபத்திரண்டு வருடமாக லாரி ஓட்டும் மாயக்கண்ணனுக்கு முட்டாள்களைக் கண்டால் ஆகாது. அதை முகத்தில் காட்டாமல் இருக்கவும் தெரியாது. டயரைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டுக் காற்று சரியாக இருக்கிறது என்பவன், ஸ்டீயரிங்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு செல்போனில் ராசிபலன் கேட்பவன் என்று அவனிடம் நீண்ட பட்டியல் ஒன்று இருந்தது. அதில் முதல் இடம் முதலாளி ஆண்டியப்பனுக்கு.

ஆண்டியப்பன் கெட்டவர் இல்லை. ஆனால் நியூமராலஜி அவர் தலைக்குள் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் கூட்டுவார். எட்டு வந்தால் முகம் வெளுக்கும், ஒன்பது வந்தால்தான் சாப்பாடு இறங்கும். மில் கேட்டின் கம்பிகளை ஒருநாள் எண்ணிப் பார்த்துவிட்டு, இரண்டை அறுத்து எறியச் சொன்னார். அன்றிலிருந்து தெருநாய்கள் அந்தச் சந்து வழியாக உள்ளே வந்து நெல்லின் மேல் சொகுசாகப் படுத்துக்கொண்டன. அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

லாரியின் பின் அச்சில் பல் உடைந்தபோதுதான் இந்தப் பைத்தியம் மாயக்கண்ணன் பக்கம் திரும்பியது. அந்த அச்சுக்குள் இரண்டு பல்சக்கரங்கள் உண்டு. சின்னது பினியன், அது சுழற்றுகிற பெரியது கிரவுன். இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

"பழைய அளவையே போட்டுருவோம் முதலாளி. ஏழு பல்லு பினியன், முப்பத்தேழு பல்லு கிரவுன். நம்ம ரோட்டுக்கு அதுதான் தோது" என்றார் மெக்கானிக் அழகுசுந்தரம்.

ஆண்டியப்பனின் உதடுகள் அசைந்தன. "நாப்பத்திநாலு. நாலும் நாலும் எட்டு! ஒம்பது வருசமா எட்டுலயா ஓடிருக்கு?"

"ஒரு குறையும் இல்லாமத்தானே ஓடுச்சு முதலாளி" என்றான் மாயக்கண்ணன்.

அது அவர் காதில் ஏறவில்லை. என்னென்ன ஜோடி கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னார். ஆறுக்கு முப்பத்தொன்பது என்றதும் கையைத் தட்டினார். நாற்பத்தைந்து, கூட்டினால் ஒன்பது.

"அது மலையேறுற வண்டிக்கு உள்ளது முதலாளி" என்று அழகுசுந்தரம் தலையைச் சொறிந்தார். "சக்கரம் ஒரு சுத்து வர, உள்ள இருக்க தண்டு ஆறரை சுத்து சுத்தணும். பழசுல அஞ்சேகால்தான். இழுவை இருக்கும், ஓட்டம் இருக்காது. டீசலையும் குடிச்சுரும்."

"இழுவை நல்லதுதானேப்பா?"

"புதுவயலுக்கும் சென்னைக்கும் நடுவுல எந்த மலை முதலாளி இருக்கு? இத்தனை வருசத்துல எங் கண்ணுல பட்டதில்ல" என்றான் மாயக்கண்ணன். ஆண்டியப்பன் அவனை முறைத்துவிட்டு, ஒன்பதையே மாட்டச் சொன்னார்.

மாட்டினார்கள். அறுபதைத் தாண்டினால் எஞ்சின் கதறியது. நாலு டயர் தேய்ந்த ஓட்டை வேன்கூட ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போனது. லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுத்த வண்டி நாலைக்கூடத் தொடவில்லை. ஒன்றரை மாதம் பார்த்துவிட்டு, ஒருநாள் காலையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லோடுமேன்கள் எல்லோருக்கும் கேட்கும்படி ஆண்டியப்பன் கேட்டார்:

"டீசல் எங்க இறங்குது மாயக்கண்ணா?"

மாயக்கண்ணனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வழியில் டீசலை இறக்கி விற்கிற டிரைவர்களோடு அவன் ஒரு டீகூடக் குடித்தது கிடையாது. அந்தக் கேள்விக்கு லோடுமேன்களில் ஒருவனாவது சிரிப்பான் என்று பார்த்தான். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இரண்டே நாளில் பேச்சு வீடு வரைக்கும் வந்துவிட்டது.

"நான் கடைக்குப் போனா, பேசிக்கிட்டு இருக்கவுக நிறுத்திக்கிறாக" என்றாள் அவன் மனைவி நாகவல்லி. அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் அவன் முதலாளி முன்னால் போய் நின்றான். "திருச்சி லோடு இருக்கு. நீங்களே கூட வாங்க. டேங்கை நிரப்பிப் பூட்டி, சாவியை நீங்களே வச்சுக்கங்க."

ஆண்டியப்பன் வந்தார். சாவியை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டார். புதுக்கோட்டை தாண்டுவதற்குள் கைக்குட்டையைக் கிழித்துக் காதுகளில் அடைத்துக்கொண்டார். மாயக்கண்ணனுக்காக எஞ்சினே கத்திக்கொண்டு வந்தது. திரும்பி வந்து, கிளம்பும்போது டீசல் போட்ட அதே பங்கில் மறுபடி நிரப்பினார்கள். அன்றைக்கும் நாலைத் தொடவில்லை. ஆண்டியப்பன் பல தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, காரைக்குடிக்குப் போய்வருகிறேன் என்று இறங்கிக்கொண்டார். அங்கேதான் அவருடைய நியூமராலஜிக்காரர் இருக்கிறார்.

அடுத்த நாள் காலையில் அவர் முகம் அப்படித் தெளிந்திருந்தது. லோடுமேன்களை அவரே கூப்பிட்டு நிறுத்தினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. மாயக்கண்ணன் சொட்டு டீசல் எடுக்கல. நான் சாமி மேல சத்தியம் பண்ணுவேன். கிரவுன்லயும் குத்தம் இல்ல. இவன் பிறந்தது இருபத்தாறாம் தேதி. கூட்டுனா எட்டு. எட்டுல பிறந்தவன் உக்காந்தா ஒம்பது எப்படி ஓடும்? இவன் என்ன செய்வான், பாவம்!"

"அட, அதானா சங்கதி!" என்றான் ஒருவன். இன்னொருவன் மாயக்கண்ணனின் தோளைத் தொட்டு, "மனசுல வச்சுக்காதீகண்ணே" என்றான். அவனது இருபத்திரண்டு வருட நடத்தையை நம்பாதவர்கள், பூட்டிப் போட்ட டேங்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவர்கள், ஒரு கூட்டல் கணக்கை நின்ற இடத்திலேயே நம்பினார்கள். மாயக்கண்ணனுக்கு அவர்கள் எல்லோர் மேலும் அப்படி ஒரு அருவருப்பு வந்தது.

"உன்னை வேலையவிட்டு அனுப்ப மாட்டேம்ப்பா" என்று ஆண்டியப்பன் அன்பாகச் சொன்னார். "நம்ம சின்ன வண்டி, குட்டியானை, சும்மாதானே நிக்குது. அது நம்பர் உனக்குப் பொருந்தும். அதை ஓட்டு."

மாயக்கண்ணன் லாரிச் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, மூட்டையின் மேல் வைத்தான்.

"என்னையத் திருடன்னே சொல்லிருங்க முதலாளி" என்றான். "அதை இல்லைன்னு காட்ட எனக்கு ஒரு வழி இருந்துச்சு, காட்டிட்டேன். பிறந்த தேதிக்கு நான் எங்குட்டுப் போயி முட்டிக்கிறது?"