கமலா அக்கா பூட்டிய வீடு

நான் தக்கலைக்காரி. நர்ஸ் வேலைக்காக இமயமலை ஊர் ஒன்றுக்குப் போய், கமலா அக்காவின் வீட்டில் வாடகைக்கு இருந்தேன். ஒருநாள் காலையில் தரை தாழ்ந்து, சுவர் ஆள் நுழையும் அளவுக்குப் பிளந்துவிட்டது.

பார்க்க வந்த இன்ஜினீயர், "இந்த ஊரே பழைய நிலச்சரிவு மண்மேல்தான் நிற்கிறது. சாக்கடை வசதி இல்லாமல் கழிவுநீர் உள்ளே இறங்கி மண்ணைக் கரைக்கிறது. அதற்குமேல் அடுக்குமாடி ஓட்டல்கள் வேறு" என்று சொல்லி, எல்லோரையும் வெளியேறச் சொன்னார்.

அக்கா வாசல் கதவைப் பூட்டினாள். நான் பிளந்த சுவரைப் பார்ப்பதைக் கண்டு, "பூட்டாமல் போக மனம் வரவில்லை" என்றாள்.

அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஏட்டி மக்கா, எல்லாத்தையும் போட்டுட்டு வீட்டுக்கு வந்துரு!"

தமிழ் தெரியாத அக்கா, "அம்மா என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

'வீட்டுக்கு வா' என்ற அந்தச் சாதாரண வார்த்தையை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.