ஐந்தை அழுத்தினால் யார் எடுப்பது?

போன செவ்வாய்க்கிழமை டயகம பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். கையில் லேமினேட் செய்த அட்டை ஒரு கட்டு. முகத்தில் பெருமை வேறு... போகும்போது இருந்தது, வரும்போது இல்லை.

என் பிழைப்பு உங்களில் பலருக்குத் தெரியும். ஹட்டனில் ஒரு தேயிலைத் தோட்டக் கம்பனியின் காரியாலயத்தில் தொலைபேசிகளைப் பார்த்துக்கொள்கிறேன். 'இந்தக் காலத்தில் யார் கையில்தான் போன் இல்லை?' என்பீர்கள். போன் இருக்கிறது. சிக்னல் இருக்கிறதா? அந்த மலை மடிப்புகளில் கைபேசி மணி பார்க்கத்தான் உதவும். தோட்டத்துக்குள் பேச இன்னமும் இன்டர்கொம்தான்.

கம்பனிக்கு மூன்று தோட்டங்கள் – டயகமவில் ஒன்று, உடப்புசல்லாவையில் ஒன்று, கினிகத்தேனையில் ஒன்று. தனித்தனி எக்ஸ்சேஞ்ச் பெட்டிகள், ஒற்றை இலக்க எண்கள். மூன்றையும் இணைத்து, எங்கிருந்தும் எங்கும் நேரே பேசும்படி செய்ய வேண்டும். எண் போடுகிற பொறுப்பு என்னுடையது.

என்ன சிக்கல்? டயகமவில் ஐந்தை அழுத்தினால் டிஸ்பென்சரி. உடப்புசல்லாவையில் அதே ஐந்து பெக்டரி. கினிகத்தேனையில் தோட்ட மனேஜர் பெரிய தொரையின் பங்களா! அப்படியே இணைத்தால் வயிற்றுவலிக்காரர் தொரையிடம் மருந்து கேட்பார்.

ஆகவே எல்லோருக்கும் நான்கு இலக்கம் என்று முடிவு செய்தேன். முதல் இலக்கம் தோட்டத்துக்கு – கினிகத்தேனைக்கு மூன்று, டயகமவுக்கு ஐந்து, உடப்புசல்லாவைக்கு ஏழு. பிறகு ஆட்களின் வரிசை. டயகமவில் பெரிய தொரைக்கு 5101, சின்ன தொரைக்கு 5102, பெரிய கிளாக்கருக்கு 5103... இப்படியே இறங்கி இறங்கி டிஸ்பென்சரிக்கு 5114. அதற்கும் கீழே பிள்ளைக் காம்பரா. இந்த வரிசையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தோட்டத்தில் பிறந்தவளுக்குச் சொல்லித்தான் தர வேண்டுமா? கை தானாகவே எழுதியது.

சனிக்கிழமை புது இணைப்பு வேலை செய்யத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை புது எண் அட்டைகளோடு போனேன். பிள்ளைக் காம்பராவில் புவனேஸ்வரி அக்கா என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுச் செல்லும் பிள்ளைகளை அங்கே பார்த்துக்கொள்பவர் அவர்தான். வழக்கமான சிரிப்பைக் காணோம்.

"மிஸ், நேத்து அஞ்ச அமத்தினேங்க. ஒன்னுமே கேக்கல. வச்சிட்டு மறுபடியும் அமத்தினேன். மூணு தரம்..."

மூன்று வயதுப் பெண் குழந்தை. காய்ச்சல் ஏறி இழுப்பு வந்துவிட்டது. அம்மாவோ எட்டாம் நம்பர் மலையில் கொழுந்து பறிக்கிறார். அக்கா ஐந்தை அழுத்திவிட்டுக் காத்திருக்கிறார். மிச்ச மூன்று இலக்கமும் வரட்டும் என்று என்னுடைய புதுப் பெட்டி காத்திருக்கிறது! கடைசியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, குறுக்குப் பாதையில் டிஸ்பென்சரிக்கு ஓடியிருக்கிறார்.

"புது நம்பர் தாள் வந்துச்சே அக்கா?" என்றேன். அந்த நேரத்தில் போய் இப்படிக் கேட்டேனே என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"வந்துச்சுங்க. அந்தா, செவுத்துல ஒட்டித்தான் இருக்கு. புள்ள மடியில இழுத்துக்கிட்டுக் கெடக்கையில தாளப் பாத்தா அமத்த முடியும்? கை அஞ்சுக்குத்தான போவுது."

"புள்ள எப்படி இருக்கு?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்காங்க. காலையில கஞ்சி குடிச்சாளாம்."

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அட்டைக் கட்டைப் பிரிக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் உட்கார முடியவில்லை – சீட் இருந்தும் ஹட்டன் வரை நின்றுகொண்டே வந்தேன். அந்தப் பாதை மழையில் வழுக்கியிருந்தால்? அக்காவுக்குக் கொஞ்சம் வயது கூடுதலாக இருந்திருந்தால்?

எண் போடுவது வெறும் கணக்கு வேலை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். யாரை முதலில் நினைக்கிறோம், யாரைக் கடைசியில் நினைக்கிறோம் என்பதெல்லாம் அதில் அப்படியே தெரிந்துவிடுகிறது. எனக்கு மருந்து ஞாபகம் வந்தது பதினான்காவதாக!

புதன்கிழமை எல்லாவற்றையும் மாற்றினேன். மூன்று தோட்டத்திலும் ஐந்தை மட்டும் அழுத்தினால் போதும், அந்தந்தத் தோட்டத்து டிஸ்பென்சரி எடுக்கும். வேறு யாருடைய எண்ணும் ஐந்தில் தொடங்கக் கூடாது. டயகமவுக்கு இனி முதல் இலக்கம் ஆறு.

டயகம தொரை உடனே கூப்பிட்டார். "என்ன மிஸ் இது? 5101 போட்டு என் விசிட்டிங் கார்ட் எல்லாம் பிரின்ட் பண்ணியாச்சே!"

"திரும்பப் பிரின்ட் பண்ணுங்க, சேர்."

வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருடத்தில் ஒரு தொரையிடம் இப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை. வாய் முந்திக்கொண்டது. தொரை "சரி" என்று வைத்துவிட்டார்.

அதோடு நிம்மதி வந்ததா? எங்கே வந்தது! வியாழன் காலை பிள்ளைக் காம்பராவைக் கூப்பிட்டேன். "அக்கா, அஞ்ச ஒருக்கா அமத்திப் பாருங்க." வைத்துவிட்டு அமத்தினார், டிஸ்பென்சரி எடுத்தது என்று திரும்பக் கூப்பிட்டுச் சொன்னார். மத்தியானம் மறுபடியும் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமையும் இதே கதை. நேற்று மட்டும் மூன்று தடவை.

நேற்று மாலை என் மேசை போன் அடித்தது. டிஸ்பென்சர் ஐயா.

"மிஸ், இங்க புள்ளைங்க எல்லாம் சொகமா இருக்காங்க. உங்களுக்குத்தான் மருந்து குடுக்கணும் போல – கெளம்பி வாங்க!"