என் கணவரின் விரத வாய்

எங்கள் ஊரில் என் கணவரைப் போல விரதம் பிடிக்கிற ஆள் இல்லை என்று ஒரு காலத்தில் பெயர் இருந்தது. அந்தப் பக்திக்குக் காரணம் அவருடைய பல் முரசு, அதாவது ஈறு, என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இணுவிலில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள கோயிலில் புராண படிப்பு நடக்கும். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். பக்கத்தில் இருக்கிறவர் பயன் சொல்லுவார், அதாவது பொருளை விரித்துச் சொல்லுவார். பயன் சொல்லுவது என் கணவர். கந்தோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருந்த ஒரே உத்தியோகம் அதுதான். அந்தப் பாயில் போய் இருக்கிற நேரத்துக்காகவே மனுசன் காலையில் எழும்புவார்.

வாசிப்பவர் அவருடைய கூட்டாளி, வயதில் கொஞ்சம் இளையவர். இருவருக்கும் நடுவே ஒரு குத்துவிளக்கு வைக்கத்தான் இடம் இருக்கும். ஒருநாள் பெண்கள் பக்கம் இருந்து பார்க்கிறேன், விளக்குக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ச் செம்பும் வந்து உட்கார்ந்திருக்கிறது. பிறகு ஒரு பூத்தட்டு வந்தது. மாதம் போகப் போக அந்த இடைவெளியில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம் என்ற நிலைமை. வாசிப்பவர் மரியாதையான மனிதர், வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. பாயை மட்டும் இழுத்துக்கொண்டே போனார்.

"உங்கடை வாய் மணக்குது" என்று நான் சொன்னதற்கு, "கந்தசஷ்டி விரதமெல்லே, பட்டினி கிடக்கிற வாய் அப்பிடித்தான்" என்றார். சரி, விரதகாரரின் வாயை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் சஷ்டி முடிந்து, பாறணைச் சோறும் சாப்பிட்ட பிறகும் வாய் அப்படியே இருந்தது. அதற்காக வெள்ளிக்கிழமை பிடித்தார். பிறகு சதுர்த்தி, பிரதோஷம், கார்த்திகை. கடைசியில் ஏகாதசியும் தொடங்கினார். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் ஏகாதசி பிடித்த ஆள் கிடையாது. கோயிலில் பெண்கள் என்னிடம், "குடுத்து வைச்சனீங்கள் அக்கா, அவர் முனிவர்" என்றார்கள். முனிவரோடு ஒரே அறையில் படுக்கிறவள் நான்.

அவருடைய தலையணை உறையில் இளஞ்சிவப்புக் கறை கண்டேன். அவர் கொய்யாப்பழம் கடித்தால் கடித்த இடம் சிவந்திருந்தது. பல் பிறஷ் காய்ந்து கிடந்தது. விரலால் உப்பைத் தொட்டுப் பூசி வாயைக் கொப்பளித்துவிட்டு வந்துகொண்டிருந்தார்.

"இரத்தம் வாற இடத்தைப் போட்டு ஆரும் தேய்ப்பினமே? விட்டால் தானாய் ஆறும்" என்றார்.

ஆறவில்லை. கீழ் முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. கதைக்கும்போது நாக்கு அதைத் தள்ளிப் பார்த்தது. பயன் சொல்லும்போது சில சொற்களுக்கு முன்னே காற்று வந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. முன்பல் போனால் அந்தப் பாயும் போய்விடும். பல் வைத்தியரிடம் போவோம் என்றால், "அவை பல்லுப் பிடுங்கத்தான் படிச்சவை" என்று மறுத்துவிட்டார்.

நேர்வழி சரிவராது என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். "இஞ்சேருங்கோ, எனக்குப் பல்லுக் குத்து. தனியப் போகப் பயமாக் கிடக்கு."

மனுசனுக்கு வீரம் வந்துவிட்டது. ஸ்கூட்டியில் ஏற்றிச் சுன்னாகத்துக்குக் கொண்டுபோனார். வழி முழுக்க எனக்குத் தைரியம் சொன்னார்.

அவரை வெளியே இருத்திவிட்டு உள்ளே போனேன். டொக்டர் ஒரு இளம் பெண். "பிள்ளை, எனக்கு ஒண்டுமில்லை. வெளியிலை இருக்கிறவருக்குத்தான் முரசாலை இரத்தம் வருது, அவரைப் பாக்கோணும்" என்று இரகசியமாகச் சொன்னேன். அவள் சிரித்தாள். "வந்தனீங்கள், ஒருக்கால் வாயைத் திறவுங்கோவன் அம்மா."

பல்லுக்கும் முரசுக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பியை விட்டு அளந்தாள். கம்பி போனது, போய்க்கொண்டே இருந்தது. அவளுடைய சிரிப்பு நின்றது.

"அம்மா, உங்களுக்கும் முரசு வருத்தம் இருக்கு."

"எனக்கு நோவே இல்லையே!"

"இது லேசிலை நோகாது. நொந்தால் எல்லாரும் நேரத்துக்கு வந்திடுவினமே."

அவரை உள்ளே கூப்பிட்டுச் சொன்னாள். பொய்யாய்ச் சொன்ன பல்லுக்குத்துக்கு மெய் வருத்தம் கிடைத்த கதை விளங்கியதும், என் கணவர் பல மாதத்துக்குப் பிறகு வாய் நிறையச் சிரித்தார். அந்த வாயை மூட முன் டொக்டர் விளக்கைத் திருப்பிவிட்டாள்.

ஊத்தை கல்லாக இறுகி முரசுக்குக் கீழே இறங்கியிருந்தது. மரத்துப்போக விறைப்பு ஊசி போட்டுச் சுரண்டி எடுக்கவேண்டும் என்றாள். "இரத்தம் வருது எண்டு தேய்க்காமல் விட்டதாலை இன்னும் கூடிப்போச்சு ஐயா. மெத்தென்ற பிறஷாலை முரசு ஓரத்தைத் தேய்க்கத்தான் வேணும்." இரத்தத்தில் சீனியும் பார்க்கச் சொன்னாள். அதுவும் ஏறித்தான் இருந்தது. முரசு வருத்தமும் சீனி வருத்தம் என்கிற நீரிழிவும் ஒன்றையொன்று கூட்டிவிடுமாம். சீனிக்குக் குளிசை விழுங்கத் தொடங்கினார், நேரத்துக்குச் சாப்பிடவேண்டும் என்று ஆனது. முனிவரின் விரதங்கள் அத்தோடு முடிந்தன.

டொக்டரிடம் போன அந்த முதல் நாள், அவர் அவளுடைய கதிரையை விட்டு இறங்காமல், "இந்தப் பல்லுப் போனால் எனக்குப் பயன் சொல்ல ஏலாது பிள்ளை" என்றார். எனக்கு அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

"சத்தியம் பண்ண மாட்டன் ஐயா. துப்புரவாக்கி, பக்கத்துப் பல்லுகளோடை சேர்த்துக் கட்டிப் பாப்பம்."

இருவருக்கும் சுரண்டல் நடந்தது. இப்போது கிணற்றடியில் பக்கம் பக்கமாக நின்று தேய்க்கிறோம். பல்லிடுக்குக்கு ஒரு குட்டிப் பிறஷ் வேறு. நான் உள்பக்கத்தைத் தேய்க்காமல் கொப்பளித்தால், "டொக்டரிட்டைச் சொல்லட்டே?" என்று மிரட்டுவார். தலையணை உறை வெள்ளையாகவே இருக்கிறது. கட்டின பல் இன்னும் நிற்கிறது.

புராண படிப்பில் மாற்றம் மெல்ல வந்தது. முதலில் பூத்தட்டு போனது. பிறகு செம்பு போனது. ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தேன், நடுவே விளக்கு மட்டும் எரிந்தது. அன்று என் கணவர் பயன் சொன்னபோது ஒரு சொல்லுக்கும் முன்னே காற்று வரவில்லை. எனக்குக் கண் கலங்கிப்போனது.

படிப்பு முடிந்து எழும்பும்போது வாசிப்பவர் கேட்டார். "இண்டைக்கு வெள்ளிக்கிழமை. விரதம் இல்லையோ அண்ணை?"

"டொக்டர் மறிச்சுப்போட்டா."

வாசிப்பவர் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நல்லது அண்ணை. இவ்வளவு நாளும் நீங்கள் விரதம் பிடிச்சியள், தவம் நான்தான் செய்தனான்."