பத்து மணி டெம்பரேச்சர்

எங்க தொழிலுக்கு முதல் தகுதி சந்தேகம், கட்டின புருஷன் தும்மினாக்கூட "இன்னிக்கு யார் யாரைப் பார்த்தீங்க?"ன்னு கேட்கத் தோணும். பறவைக் காய்ச்சல் கோழிகிட்டேயிருந்து மனுஷனுக்குத் தாவியிருக்கான்னு பெங்களூரில் வீடு வீடா ஏறிப் பார்க்கிற சுகாதாரப் பணியாளர் நான். மீட்டர் ரீடிங் எடுக்கிறவங்க, சர்வேக்குப் போறவங்க, பாதி திறந்த கதவுகிட்ட நின்னு பல்லைக் காட்டின எல்லாருக்கும் என் கஷ்டம் புரியும்.

நாலாவது ஏப்ரன்

ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் கோழிங்க கொத்துக் கொத்தா செத்துப் போச்சு. அந்தப் பண்ணைக் கோழி வந்து இறங்கின கடைகள்ல ஒண்ணு என் ஏரியாவான நீலசந்திராவில் இருந்தது. அங்கே கோழி வெட்டினவங்களைப் பத்து நாள் தினமும் போய்ப் பார்க்கணும். காய்ச்சல், இருமல், கண் சிவப்பு ஏதாவது இருந்தா உடனே டாக்டருக்குச் சொல்லணும்.

கடைக்காரர் சேகர், "மூணே பேர்தான் மேடம், எல்லாரும் கல்லு மாதிரி இருக்காங்க"ன்னார். ஆணியில் நாலு ஏப்ரன் தொங்குது, நாலுலயும் ரத்தக்கறை. நாலாவது யாருதுன்னு கேட்டேன். மனுஷன் அசரவே இல்லை. "அது ஸ்பேர் மேடம், அதுக்குக் காய்ச்சல் எல்லாம் இல்ல!"

பாதி திறந்த கதவு

ஸ்பேரோட பேரு மணின்னு பக்கத்து முட்டைக் கடையில் சொன்னாங்க. ரெண்டு தெரு தள்ளி, மாடியில் ஒத்தை ரூம். அவன் பொண்டாட்டி சாந்தி வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறவ, இடுப்பில் ரெண்டு வயசுப் பொண்ணு. முதல்ல என் ஐடி கார்டை போட்டோ எடுத்தா, அப்புறம்தான் வாயைத் திறந்தா. கோவிட் சமயத்தில் ஹெல்த் ஆபீஸ்காரங்க வாசல்ல நோட்டீஸ் ஒட்டினதைப் பார்த்து, பழைய வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டாராம். "இந்த ரூமும் போச்சுன்னா குழந்தையைத் தூக்கிட்டு நான் எங்கே மேடம் போவேன்?"னு அழுதா.

நோட்டீஸ் ஒட்ட மாட்டேன், தெருவில் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட மாட்டேன், சத்தியம்னு சொன்னேன். அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "சத்தியம் எல்லாம் வேணாம் மேடம், அந்த மாஸ்க்கை மட்டும் வாசலைத் தாண்டி வந்து போட்டுக்குங்க!"

98.4

தினம் காலையில் பத்து மணிக்கு டாண்ணு போய் நிப்பேன். முதல் நாள் 98.4. ரெண்டாம் நாள் 98.4. மூணு, நாலு, அதேதான். டாக்டருக்கு சந்தோஷம். எனக்கு உறுத்தல். நீலசந்திரா மாடி ரூமில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு புள்ளிகூட ஏறாத உடம்பா?

அஞ்சாம் நாள் எட்டு மணிக்கே போயிட்டேன். மணி போர்வைக்குள்ள கிடுகிடுன்னு நடுங்கிட்டிருந்தான், 102. கண்ணு ரெண்டும் சிவந்து கிடந்தது. பக்கத்தில் குழந்தை தூங்குது. வந்துச்சே எனக்குக் கோபம்! "ஏண்டா, பெத்த குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கிட்டு இப்படியா மறைப்பே?"ன்னு கத்திட்டேன். சாந்திக்கு என்னைவிடக் கோபம். "பத்து மணிக்கு வர்றவங்கன்னு நம்பித்தானே ஒம்போதுக்கு மாத்திரை போடுறோம், இப்படிச் சொல்லாம கொள்ளாம வந்தா எப்படி மேடம்?"

ரெண்டு நாள்

வாசல்ல ஆம்புலன்ஸ் நின்னா தெருவே கூடிடும். அதனால மெயின் ரோட்டிலேயே நிறுத்தச் சொல்லி, மணியை மெதுவா நடத்தி, சாந்தி குழந்தையைத் தூக்கிட்டு வர, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவனுக்கும் குழந்தைக்கும் மூக்கில் குச்சி விட்டு சாம்பிள் எடுத்து அனுப்பினாங்க. ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கலை. நாலு நாளும் 98.4-ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டவ நான்தானே? அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா?

ரெண்டு பேருக்கும் பறவைக் காய்ச்சல் இல்லை. மணிக்கு வந்தது சாதாரண ஃப்ளூ. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே எனக்கு அழுகை வந்துடுச்சு. ஓடிப்போய்ச் சொன்னா, மணி என் முகத்தையே உத்துப் பார்த்தான். "நான் உங்களை ஏமாத்தின மாதிரி நீங்க என்னை ஏமாத்தலியே மேடம்?"

பத்தாம் நாள்

பாக்கி நாளும் விடாம போய்ப் பார்த்தேன், ரூல் அப்படி. கடைசி நாள் போனா, சாந்தி தையல் மெஷினை மாடியிலேர்ந்து ஒத்தையா இறக்கிட்டிருக்கா. கீழே வீட்டு ஓனரம்மா இடுப்பில் கை வெச்சுக்கிட்டு நிக்குறாங்க. எனக்குப் பதறிப் போச்சு. ரிப்போர்ட்டை நீட்டினேன், தமிழில் சொன்னேன், கன்னடத்தில் சொன்னேன், ஒண்ணுமே இல்லம்மான்னு கும்பிட்டேன். அந்தம்மா நிதானமா ரிப்போர்ட்டைப் படிச்சு, மடிச்சு என் கையிலேயே குடுத்தாங்க. "நோடி, பாருங்க மேடம், பேப்பர் எல்லாம் சரி, ஆனா ஒண்ணுமே இல்லாத வீட்டுக்கு ஹெல்த் ஆபீஸ்காரங்க பத்து நாளா ஏன் டெய்லி வர்றீங்க?"

சேகர், மணி, சாந்தி, தெர்மாமீட்டர்னு ஒண்ணு விடாம சந்தேகப்பட்ட நான், தினம் அந்த மாடிப்படி ஏறின என் ரெண்டு காலை மட்டும் சந்தேகப்படாம விட்டுட்டேன்.